ரிக்கி வெயரின் நிஜப் பெயர்

கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொதித்ததும் தானாக நின்றுவிடுகிற கெட்டில் அது. நிற்கவில்லையே என்றுதான் எழுந்து போனேன். சமையலறையில் ராய்ஸ்டன் அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒழுங்காக வேலை செய்கிற இடது கையில் ஒரு ரெக்கார்டை எடுத்து ஆவியில் காட்டிக்கொண்டு நின்றான். விரல்கள் சிவந்து போயிருந்தன.

"ஐயோ, என்ன காரியம் பண்றே! கையை எடு! எடுங்கிறேன்ல!"

"பேர்," என்றான். "உள்ள... பேர் இருக்கு."

நான் ரெக்கார்டைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடுவில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதம் ஊறிக் குழைந்து அவன் கட்டைவிரலோடு வந்தது. அதற்கு அடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய அசல் லேபிளும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. இரண்டும் ஒரே கூழ். நடுவில் கறுப்பு மட்டும் மிஞ்சியது, ஓரத்தில் ஒரு துளி நீலம். ராய்ஸ்டன் அந்தக் கூழை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் பரத்திப் பரத்திப் பார்த்தான். ஒரு எழுத்துகூட இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அவன் அம்மாவைப் புதைத்த அன்றைக்குக்கூட அழாத மனுஷன்.

எனக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. விரலுக்குத் தண்ணீர் விட்டேன்.

போன குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் இழுக்கும், வலது கை சும்மா தொங்கும். பேச்சு திரும்பி வந்துவிட்டது. டீ, நாற்காலி, மழை எல்லாம் சொல்வான். பெயர்கள் மட்டும் போயேபோய்விட்டன. ஆளைப் பார்த்தால் தெரியும், சிரிப்பான், பெயர் வராது. மகளுக்குச் 'சின்னவ' என்று பெயர் வைத்திருக்கிறான். நான் 'இவ'. பின்னறையில் அடுக்கியிருக்கும் ரெக்கார்டுகளைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை, எடுத்து லேபிளைப் படித்துக்கொள்வான். படிக்க முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் படிக்க முடியாமல் செய்தவனும் அவனேதான்.

எங்கள் ஆட்களின் புத்தியைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் கறுப்புப் பாடகர்கள் அறுபதுகளில் பாடி, அங்கே நாதியில்லாமல் போன பாட்டுகளுக்காக, இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலையிலும் செருப்பாலையிலும் வேலை பார்த்த நாங்கள் உயிரை விட்டோம். மண்டபத்தில் ஆட்டத்துக்கு ரெக்கார்டு போடுகிறவர்களில், எவனுக்கும் கிடைக்காத பாட்டு எவனிடம் இருக்கிறதோ அவன்தான் ராஜா. ஒரு பாட்டின் பெயர் வெளியே தெரிந்துவிட்டால் மற்றவனும் தேடிப் பிடித்துவிடுவான். அதனால் லேபிள்மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, வாய்க்கு வந்த பொய்ப் பெயரை எழுதிவைப்பார்கள். ராய்ஸ்டன் ஒட்டிய பெயர் 'ரிக்கி வெயர்'. பாட்டு, 'திங்கட்கிழமைக்கு முன்னால்'. வெயர் என்பது எங்கள் ஊரான பேக்கப்புக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே பிறந்த அமெரிக்கப் பாடகன் இவன் ஒருத்தன்தான்!

மற்றவர்களெல்லாம் சாதாரணக் கோந்து போட்டு ஒட்டுவார்கள். இவன் செருப்பாலையிலிருந்து, அட்டையோடு ரப்பரை ஒட்டுகிற பசையை டப்பாவில் எடுத்துவந்து ஒட்டினான். அதோடு விட்டானா? உள்வட்டத்தில் பொடியாக ஒரு எண் செதுக்கியிருக்கும், அதைவைத்தும் கண்டுபிடிக்கலாம். அதையும் ஊசியால் சுரண்டி அழித்தான். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! ஊரை ஏமாற்றக் கட்டிய சுவருக்குள் கடைசியில் தானே மாட்டிக்கொண்டான்.

அந்த நிஜப் பெயர் எனக்கும் தெரியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். காதலித்த காலத்தில் கேட்டேன், "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்" என்றான். கல்யாணத்தன்று கேட்டேன், "ராத்திரி சொல்றேன்" என்றான். ராத்திரி கேட்டால் குறட்டை. பிள்ளை பிறந்தபோது, வலியில் அவன் கையைக் கடித்துக்கொண்டு கேட்டேன், அப்போதும் சொல்லவில்லை பாவி. "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல கிளெண்டா, சொல்லிட்டா அது ரகசியம் இல்லையே" என்பான். அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை அவன் அந்தப் பாட்டைப் போட்டு நான் ஆடும்போதும், இந்த ஆளுக்குள் எனக்குத் திறக்காத ஒரு அறை இருக்கிறது என்று ஒரு முள் குத்தும்.

கெட்டில் சமாச்சாரத்துக்குப் பிறகு அவன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். கறியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பலகாரம், அவனுக்கு உயிர். வைத்த தட்டு வைத்தபடி ஆறிக் கிடந்தது. நாள் முழுக்க அந்த மொட்டை ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பான். ஏதோ வருகிற மாதிரி இருக்கும், வராது. தூக்கமும் போயிற்று. மகள் வந்து கைப்பேசியை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தாள். உலகத்துப் பாட்டையெல்லாம் கண்டுபிடிக்கிற செயலியாம். ரெக்கார்டின் விளிம்பு கொஞ்சம் நெளிந்திருந்தாலும் பாடியது. கைப்பேசி யோசித்து யோசித்துவிட்டு, தெரியாது என்று கைவிரித்தது. ராய்ஸ்டன் முகத்தில் ஒரு நிமிஷம் பழைய திமிர் வந்ததைப் பார்க்கவேண்டுமே! "பாத்தியா!" என்றான். அடுத்த நிமிஷம் மறுபடி கண்ணீர்.

டாக்டரோ, "அவரைக் கவலைப்பட விடாதீங்க" என்றார். சொல்லிவிட்டுப் போய்விடலாம். குளிப்பாட்டுவதும், சட்டை மாட்டுவதும், மாத்திரை கொடுப்பதும், இப்போது இல்லாத ஒரு பெயரைத் தேடுவதும் நான்தானே. எனக்கு அலுத்துவிட்டது. உண்மையாகவே அலுத்துவிட்டது. காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கும்போதே இன்றைக்கு எப்போது படுக்கலாம் என்றுதான் தோன்றும்.

தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஒரே பதில், "ரிக்கி வெயர்தானே?" கேட்காமல் விட்டது ஒருத்தனை மட்டும்தான்.

கிளைவ் ஆஷ்வொர்த்தும் ராய்ஸ்டனும் ஒருகாலத்தில் நகமும் சதையும். ஒரே வேனில் விடிய விடிய ஆடப் போவார்கள், ஒரே பையிலிருந்து சட்டை மாற்றிக்கொள்வார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவே கிளைவ் அந்த ரெக்கார்டைக் கழிப்பறைக்குக் கடத்திக்கொண்டுபோய், நகத்தால் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ராய்ஸ்டன் பார்த்துவிட்டான். விட்டான் ஒரு குத்து. முன்பல் இரண்டு போயிற்று. பசை அசையவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து எலியும் பூனையும்தான். ஒரே மண்டபத்தில் இருந்தாலும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரிக்கெட் கிளப் மண்டபத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் மதியத்தில்தான் ஆட்டம், ஆறு மணிக்கெல்லாம் எல்லாரும் வீட்டுக்குப் போய் மாத்திரை போடவேண்டுமே. கால் வழுக்கிச் சுழலத் தரையில் டால்கம் பவுடர் தூவியிருந்தது. முட்டிக்குப் பட்டை கட்டியவனும் இடுப்பு மூட்டு மாற்றியவளும் சுழன்றுகொண்டிருந்தார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? கிளைவ் மேடையில் ரெக்கார்டு சுழலும் இரண்டு தட்டுகளுக்குப் பின்னால் நின்றான். தலை முழுக்க வெளுத்திருந்தாலும் வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அடடே, கிளெண்டா! முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி இருக்கிற இடத்துலதான் இருக்கு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மெதுவான பாட்டெல்லாம் கடைசியிலதான். கிழவிங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது."

"ரிக்கி வெயர்," என்றேன்.

அவன் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு, பல் செட் தெரியச் சிரித்தான். "அதை எங்கிட்ட வந்து கேக்கறியே! வீட்டுல புலியை வச்சுக்கிட்டு. உன் புருஷன்கிட்ட கேளு. அப்படியே, கிளைவோட பல்லு சௌக்கியமா இருக்குன்னும் சொல்லு."

நடந்ததைச் சொன்னேன். பக்கவாதம் அவனுக்குத் தெரியும், பெயர் போனது தெரியாது. கெட்டிலைச் சொன்னபோது, "அட மடையா!" என்றான். அப்புறம் உதட்டைப் பிதுக்கினான்.

"இதெல்லாம் கேக்கக் கூடாது கிளெண்டா. மூடின பேரு மூடினதுதான். வேணும்னா அவனே வந்து எங்கிட்ட கேக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்! ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "வந்து கேக்கணுமா? எப்படிடா கேப்பான்? உன் பேரே அவனுக்குத் தெரியாது! என் பேரே தெரியாது, நீ எந்த மூலைக்கு? சாப்பிடாம, தூங்காம, மொட்டை ரெக்கார்டைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உனக்கு இன்னும் ரெண்டு பல்லுதான் பெருசா?"

பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் கரகரத்தது. கிளைவ் அதைத் தூக்கவில்லை.

"உன் பேருமா?" என்று கேட்டான், சின்னக் குரலில்.

தலையை ஆட்டினேன். கிளைவ் பக்கத்தில் நின்றவனிடம், "பெட்டியில இருந்து ஏதாவது போடுப்பா, எது போட்டாலும் ஆடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தான். வெளியே மழை. என் காருக்குள் உட்கார்ந்தோம். கண்ணாடி பனித்துப்போயிற்று. அவன் ரொம்ப நேரம் தொப்பியையே சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட இருக்கு," என்றான் கடைசியில்.

"என்ன இருக்கு?"

"அந்த ரெக்கார்டு. எண்பத்தி ரெண்டுல பிலடெல்ஃபியாவுல ஒரு கடையோட நிலவறையில கிடைச்சுது. மேல தண்ணிக் குழாய் ஒழுகிட்டிருக்கு, எலி ஓடுது. ஊசி வச்ச உடனே தெரிஞ்சு போச்சு. அந்தத் தரையிலயே உட்கார்ந்துட்டேன்."

இத்தனை வருஷமாக! ராய்ஸ்டன் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த அத்தனை வருஷமும், அது இவன் வீட்டிலும் இருந்திருக்கிறது.

"அப்ப ஏன்டா சும்மா இருந்தே? பேரைச் சொல்லி அவன் மானத்தை வாங்கியிருக்கலாமே. அடிச்சவன்தானே?"

"வாங்கணும்னுதான் நினைச்சேன். ப்ளேன்ல வர்ற வழியெல்லாம் அதே நினைப்புதான். எப்படிச் சொல்றது, யார் முன்னால சொல்றதுன்னு ஒத்திகைகூடப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில அவன் அதைப் போட்டான். ஞாபகம் இருக்கா, நீ முன்வரிசையில பச்சைப் பாவாடை கட்டிக்கிட்டு ஆடினே. மண்டபமே ஆடுச்சு. பின்னால, இருட்டுல, நானும்தான் ஆடினேன். அவன் மூஞ்சியைப் பார்த்தேன்..." தொப்பியை மடியில் வைத்தான். "எங்கிட்ட நல்ல பாட்டு எவ்வளவோ இருக்கு கிளெண்டா. அவன்கிட்ட அது ஒண்ணுதான். தொலையட்டும் போன்னு விட்டுட்டேன். மேசை இழுப்பறையில, காலுறைக்குக் கீழே இன்னும் இருக்கு. வெளியில ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதிரி என்று நினைத்த ஆள், ராய்ஸ்டனின் பெருமையைக் காலுறைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். கிளைவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"பேரைச் சொல்லிடறேன். பாடினவன் பேரு..."

"நிறுத்து!" என்றேன். "எங்கிட்ட சொல்லாதே. அவன்கிட்ட சொல்லு."

"ஏன், உனக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுக்கணும்னா கட்டினவன் வாயால தெரிஞ்சுக்கணும். உன் வாயால எனக்கு எதுக்கு?"

கிளைவ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, "சரி, முதல்ல என் வீட்டுக்குப் போயி அதை எடுத்துக்கிட்டுப் போகலாம்" என்றான்.

ராய்ஸ்டன் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் அதே மொட்டை ரெக்கார்டு. கிளைவ் துணிப்பையோடு உள்ளே நுழைந்ததும் ராய்ஸ்டன் ஏறிட்டுப் பார்த்தான். முகம் முதலில் இறுகியது, பிறகு மெல்ல விரிந்தது. தேடினான், தேடினான்.

"பல்லு!" என்றான்.

"ஆமாண்டா, பல்லுதான்," என்றான் கிளைவ். "நீ எடுத்தது போக மிச்சமும் போயாச்சு." எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கெட்டில் நிறைந்து வழிகிறவரை அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசைப்பட்ட ஒரு வார்த்தை அந்தப் பக்கத்து அறையில் சொல்லப்படுகிறது, நான் தண்ணீர்ச் சத்தத்தில் காதை மூடிக்கொண்டிருக்கிறேன். பைத்தியக்காரி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

குழாயை மூடியதும் ராய்ஸ்டனின் கத்தல் கேட்டது. ஓடினேன்.

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "எப்படி? உனக்கு... உனக்கு எப்படி?" என்னைப் பார்த்தான். "இவனுக்குத் தெரியுது! எல்லாருக்கும் தெரியுமா? எல்லாருக்குமா?" குரல் உடைந்துபோயிற்று. "அப்ப ஒண்ணும் இல்ல. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே! நிம்மதிக்காகக் கூட்டிவந்தேன், மிஞ்சியிருந்த ஒன்றையும் அவன் கையிலிருந்து பிடுங்கியது போலாயிற்று. பெயர் வேண்டும் என்றுதான் அழுதான், அது வேறொருத்தன் வாயிலிருந்து வந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நான்தான் யோசிக்கவில்லை.

கிளைவ் அசையவில்லை. காலடியில் இருந்த பையை மட்டும், குதிகாலால் மெல்ல மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றான். "நீதானே சொன்ன."

"நானா?"

"பின்ன யாரு? இப்பத்தான். நான் வந்து உட்கார்ந்தேன், இவ டீ போடப் போனா, நீ குனிஞ்சு என் காதுல சொன்ன. நான் அதைத் திருப்பிச் சொன்னேன், அதுக்குள்ள கத்தறே. இத்தனை வருஷமா தவமா தவமிருக்கேன், கடைசியில நீயே வாய்விட்டுட்டே. மூளை கெட்டவனே."

ராய்ஸ்டன் என் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. "நானா சொன்னேன்?"

"நீதான்," என்றேன். "சமையலறை வாசல்ல இருந்து பாத்தேன். என்ன பேருன்னுதான் சரியா விழல."

அவன் மெல்ல உட்கார்ந்தான். மூச்சு இறங்கியது. உதடு அசைந்தது, சத்தமில்லாமல் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டான். இந்தத் தடவை அது வந்துவிட்டது போலிருந்தது, ஏனென்றால் முகம் அப்படியே தளர்ந்தது. பிறகு கிளைவைப் பார்த்து விரலை ஆட்டினான்.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்வேனா? என் பல்லு மேல சத்தியம்."

"உனக்குத்தான் பல்லே இல்லையே," என்றான் ராய்ஸ்டன். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை.

டீ குடித்துவிட்டுக் கிளைவ் கிளம்பினான். வாசலில் பையை என்னிடம் நீட்டினான். "வச்சுக்கறியா? அவனுது நெளிஞ்சு போச்சே."

"கொண்டு போயிடு. இது இங்க இருந்தா என்னைக்காவது கண்ணுல பட்டுடும்."

"என்னமோ போ," என்றான். "நான் செத்தா என் பையன் அதை வித்துடுவான். அப்ப பாத்துக்கலாம்." மழையில், பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்து போனான். பாவம், அவனுக்கும் நடை தள்ளாடுகிறது. அவனுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

கறிப் பலகாரத்தைச் சூடுபண்ணிக் கொடுத்தேன். ராய்ஸ்டன் தட்டைக் காலி செய்தான், குழம்பை விரலால் வழித்தான். நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். தெருவில் யாருமில்லை.

"இங்க வா. காதைக் கொடு."

கொடுத்தேன். அவன் மூச்சில் வெங்காய வாசனை. பாடியவனின் பெயரைச் சொன்னான். பாட்டின் பெயரைச் சொன்னான். திக்காமல், திணறாமல், இரண்டு தடவை சொன்னான்.

"பல்லுகிட்ட சொல்லிடாதே," என்றான். பல்லுக்குத் தெரியும் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது.

"சொல்லமாட்டேன்."

தட்டைக் கழுவப் போனவள், கழுவவில்லை. தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். நாளைக்கு அவனுக்கு மறுபடி மறந்துபோகும், எனக்குத் தெரியும். மறுபடி ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர், பெயர் என்பான். நான் காதில் சொல்வேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கத்துவான். நீதான் சொன்னாய் என்பேன். நான் சொல்லும்போது அது பொய்யாக இருக்காது.